கொக்கு மஞ்சளான வாரம்

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க கொக்கு மஞ்சளா இருக்குதுங்க."

ரஹ்மத் பாய் இதைச் சொன்னபோது நான் குளக்கரையில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவிநாசியிலிருந்து சேவூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற குளம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை. புல்லில் இன்னும் ஈரம் காயவில்லை. செருப்பு முழுக்கச் சேறு.

"உண்ணிக்கொக்கா இருக்கும் பாய். முட்டை வைக்கிற சீசன்ல அதுக்குத் தலையெல்லாம் மஞ்சளாத்தான் ஆகும்" என்றேன், டீயை விடாமல்.

"இல்லீங்க்கா. இது சின்ன வெள்ளைக்கொக்குங்க. அலகு கருப்பு, காலு கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உங்களுக்குத் தெரியாததுங்களா? போன வாரம் நானும் இதே கொக்கைத்தான் எடுத்தேன். இந்தாங்க, பக்கத்துல வச்சுப் பாருங்க."

ரஹ்மத் பாய் கட்டிங் வேஸ்ட் வியாபாரி. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி விற்பவர். ஞாயிறு காலை மட்டும் துணியை மறந்துவிட்டுப் பறவைகளின் பின்னால் அலைவார். அவருடைய போனை என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரே கொக்கு. ஒரே நிமிடம். இரண்டு பேரும் அருகருகே படுத்துக்கொண்டு எடுத்த படங்கள். அவருடைய கொக்கு துவைத்துக் காயப்போட்ட மாதிரி வெள்ளையாக நின்றது. என்னுடைய கொக்கு காய்ச்சிய பாலின் ஆடை நிறத்தில் இருந்தது.

"ரெண்டு மாசமாவே உங்க படமெல்லாம் இப்படித்தானுங்க வருது. சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி.

ஒரு வாரமாக அந்தப் படத்தை நான் கம்ப்யூட்டரிலும் போனிலும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, வந்த பாராட்டுகளுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். அதில் மஞ்சள் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. இப்போது பக்கத்தில் வைத்த பிறகுதான் தெரிகிறது.

மூடியில் மிச்சமிருந்த டீயைப் புல்லில் ஊற்றினேன்.

இரண்டு கண்களின் சம்பளம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதல்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு, ஒரு கொக்கு மஞ்சளானதற்கு இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று தோன்றும். அதற்கு என் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குபவர், எங்கள் பாஷையில் பையர், தனக்கு வேண்டிய நிறத்தில் இரண்டு விரல் அகலத் துணித் துண்டு ஒன்றை அனுப்புவார். அதே நிறத்தில் நாங்கள் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஏற்றிய துணியையும் அவர் அனுப்பிய துண்டையும் லைட் பாக்ஸ் என்ற சாம்பல் நிறப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, "பாஸ்" அல்லது "ரிஜெக்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

நிறத்தை எண்ணாகச் சொல்லும் மிஷின் ஒன்றும் இருக்கிறது. அதன் கருத்தை நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். கடைசி வார்த்தை என் கண்ணுடையது.

சாத்தான்குளம் பக்கமிருந்து என் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் செக்கிங் டேபிளில் நின்றேன். அங்கிருந்து இந்த நாற்காலிக்கு வந்தது பட்டத்தால் அல்ல. ஒரு நாள் ஒரே சட்டையின் கையும் உடம்பும் வேறு வேறு லாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் ஏற்றிய துணி, என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. துணி வெட்டிய கணக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள், வேறு வேறுதான். அன்றைக்கே என்னை லேபுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குச் சோறு போடுவது இந்த இரண்டு கண்கள்தான்.

எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் சுந்தரம் அண்ணன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஒரு நாள் நேவி ப்ளூ துணியைக் கருப்பு என்று பாஸ் செய்துவிட்டார். தைத்து முடித்து லாரியில் ஏற்றும்போது, வெயிலில், அட்டைப்பெட்டியின் வாயைத் திறந்த யாரோ ஒருவர் கண்டுபிடித்தார். அண்ணனுக்குக் கண்புரை வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்கே அது தெரியாது.

அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. குடோனில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "எனக்குக் கருப்பாத்தானுங்க தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நாற்காலிதான் எனக்கு வந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் அம்மாவுக்கு ஐம்பதுக்கு முன்பே கண்புரை ஆபரேஷன் ஆனது. எனக்கு அந்தக் கொக்கு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கிறது.

கலர் பற்றி எனக்குத் தெரிந்தது

இந்தத் தொடரில் முன்பு எழுதிய, நான் கேமரா வாங்கிய கதையைப் படித்துவிட்டு, "பறவைப் படத்தில் கலர் நன்றாக வர என்ன செய்ய வேண்டும்?" என்று குன்னத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கொக்கு மஞ்சளான கதைக்கு நடுவில் இதைக் கேட்பது நியாயமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முதல் வருடம் நானும் எல்லாரையும் போலத்தான். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, கலரைக் கூட்டும் பட்டனைக் கடைசி வரை இழுத்துவிடுவேன். மீன்கொத்தி பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். குரூப்பில் கைதட்டல் பொம்மைகள் குவியும். அதே நிறத்தில் எங்கள் சாயப்பட்டறையில் ஒருவர் துணியைக் கொண்டுவந்திருந்தால், அதை அவர் தலையிலேயே போர்த்தி அனுப்பியிருப்பேன். என் படத்துக்கு மட்டும் எனக்கு அந்தக் கோபம் வரவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் புத்தி வந்தது. சாம்பல் நிற டீ-ஷர்ட்டில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதே கோட்டை ஆரஞ்சுத் துணியில் போட்டால் போட்டவருக்கே தெரியாது. இதைப் பனியன் கம்பெனியில் எல்லாரும் அறிவார்கள். பறவைக்கும் அதேதான். ஆள்காட்டிக் குருவிக்குக் கண்ணுக்கு முன்னால் கொஞ்சூண்டு சிவப்பு இருக்கும். உழுது போட்ட மண்ணில் அது நின்றால் அந்தச் சிவப்பு நம்மைக் கூப்பிடும். பின்னால் பூச்செடி இருந்தால் போச்சு.

ஆகவே நான் கலரைத் தேடிப் போவதில்லை. மங்கலைத் தேடிப் போகிறேன். மீன்கொத்திக்குப் பின்னால் எதிர்க்கரையின் காய்ந்த புல் வரும்படி, சேற்றில் முழங்கை ஊன்றிக் குப்புறப் படுத்துக்கொள்வேன். நீலம் தானாக எழுந்து நிற்கும். எந்தப் பட்டனையும் இழுக்க வேண்டியதில்லை. சேலையோடு இதைச் செய்ய முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் சுடிதார்.

இருப்பதிலேயே கஷ்டம் வெள்ளைப் பறவைதான். வெயில் ஏறிவிட்டால் கொக்கு வெறும் காகிதமாக வெளுத்துப் போகும். ஓர் இறகுகூடத் தெரியாது. அதனால் விடிந்தும் விடியாமலும் போய், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து எடுக்க வேண்டும். தண்ணீரின் பச்சை, வானத்தின் நீலம் எல்லாம் அதன் மேல் லேசாகப் படிந்திருக்கும். அதையும் துடைத்து எறிந்துவிடக் கூடாது.

இன்னொரு சங்கதி. கேமராவுக்கு வெள்ளை என்றால் எது என்று தெரியாது. நாம்தான் ஒன்றைக் காட்டி, "இதுதான் வெள்ளை, மற்றதையெல்லாம் இதற்கு ஏற்றபடி சரிசெய்துகொள்" என்று சொல்லிக் கொடுக்கலாம். அதற்கென்றே எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டை விற்கிறார்கள். ரஹ்மத் பாய் ஒன்று வைத்திருக்கிறார்.

எனக்கும் வாங்கச் சொன்னார். எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் வெள்ளையை நிர்ணயம் செய்து கொடுக்கிறவள், வெள்ளை காட்ட ஓர் அட்டையைக் காசு கொடுத்து வாங்குவதா? லேபிலிருந்து நானே பாஸ் செய்த வெள்ளைப் பனியன் துணியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஓவர்லாக் டெய்லர். ஓரம் பிரியாமல் சுற்றி அடித்துக் கொடுத்தார். இரண்டு மாதமாகக் குளக்கரையில் முதலில் அதை விரித்துக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் பறவைப் பக்கம் திரும்புவேன்.

வெள்ளை மாநாடு

திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறை மேடையில் வீட்டில் இருந்த வெள்ளையையெல்லாம் வரிசையாக வைத்தேன். உப்பு, சர்க்கரை, பச்சரிசி, இட்லி மாவு, ஒரு டம்ளர் பால், தேங்காய்ச் சில்லு, தேவராஜின் பனியன் ஒன்று.

உப்பைவிடச் சர்க்கரை ஒரு பொட்டு மஞ்சள். தேங்காயைவிட மாவு மங்கல். பனியன் எல்லாவற்றையும்விடப் பளிச். எல்லாம் தெரிந்தது. ஆனால் அது எனக்குத் தைரியம் தரவில்லை. சுந்தரம் அண்ணனைக் கேட்டிருந்தால் அவரும் எல்லாம் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

தேவராஜ் உள்ளே வந்து மேடையைப் பார்த்தார். திருப்பூருக்கு வந்து எத்தனை வருடம் ஆனாலும் அவர் பேச்சில் திருநெல்வேலி இறங்கவில்லை.

"என்னட்டி இது? வெள்ளையெல்லாம் மாநாடு போடுதா? நடுவுல என் பனியன் என்ன, தலைவரா?"

"ஒண்ணுமில்ல. மேடையத் தொடைக்கேன். போங்க அங்கிட்டு."

"தொடைக்கவளுக்கு ஏன் கண்ணு கலங்கிக் கெடக்கு?"

"வெங்காயம் நறுக்குனேன்" என்றேன்.

மேடையில் வெங்காயம் இல்லை. அவர் பனியனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் மறைத்தது எனக்கே கேவலமாக இருந்தது. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. நடுவில் நான்கு நாள்.

அன்றிலிருந்து என் தலைக்குள் எங்கள் துணி ஏற்றிய கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் நான் பாஸ் செய்து அனுப்பிய நிறங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். குழந்தைகளின் இரவு உடைக்கு ஓர் இளம்பச்சை. ஒரு பீச் பழ நிறம். ஒரு சந்தன நிறம், அதற்கு மூன்று முறை சாயம் ஏற்ற வைத்தேன். கொக்கின் மஞ்சளைப் பார்க்காத கண் அந்தச் சந்தனத்தில் மட்டும் என்னத்தைப் பார்த்திருக்கும்?

மேஜையில் தூங்கிய லாட்டுகள்

லேபில் கையெழுத்துப் போடுவதே கஷ்டமானது. லைட் பாக்ஸில் இரண்டு துண்டுகளை வைப்பேன். ஒன்றாகத் தெரியும். உண்மையிலேயே ஒன்றா, அல்லது எனக்கு மட்டும் ஒன்றா? உடனே மிஷினிடம் ஓடுவேன். மிஷின் சரி என்றால் கையெழுத்து. மிஷின் இழுத்தால், "நாளைக்குப் பாக்கலாம்" என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன்.

அந்த ஓரம் வளர்ந்துகொண்டே போனது. சாய மாஸ்டர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை மத்தியானம் முதலாளியே வந்துவிட்டார».

பழனிசாமி சாருக்கு அறுபது வயதிருக்கும். கத்த மாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். அவர் பேசுவது காதில் சரியாக விழவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க ஜெசிம்மா, மூணு லாட்டு உங்க டேபிள்ல படுத்துத் தூங்குதுங்களாட்ட? அந்த வெங்காயத் தோலு இன்னைக்குச் சாயங்காலம் கட்டிங் போயாகணுமுங்க."

வெங்காயத் தோல் என்பது ஒரு நிறம். பையர் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தார். சின்ன வெங்காயத்தின் மேல்தோலில் இருக்கிற அந்த மங்கிய ரோஸ்தான் அது. எங்கள் லேபில் அதற்கு அதுதான் பெயர்.

பொய் சொல்லித் தப்பிக்க ஒரு வினாடி யோசித்தேன். சுந்தரம் அண்ணனுக்குத் தெரியாமல் தப்பு நடந்தது. எனக்குத் தெரிந்தே நடக்கக் கூடாது என்று தோன்றியது.

"சார், என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க. எனக்குக் கண்ணு போயிருச்சுன்னு நெனைக்கிறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி நின்றுகொண்டிருக்கும்போது நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "எப்படிங்க தெரியும்?"

கொக்குக் கதையைச் சொன்னேன். போனில் இரண்டு படங்களையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, ஆமாங்க. இது மஞ்சளாட்டத்தான் இருக்குது. கேமரா கெட்டுப் போயிருக்குமுங்க."

"இல்லீங்க சார். கேமராவுக்கு வெள்ளை எதுன்னு நான்தான் காட்டுறேன். ஒவ்வொரு தடவையும் முதல்ல இதைக் காட்டிட்டுத்தான் எடுப்பேன்" என்று கைப்பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

திருப்பூர்க்காரரின் கை

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பனியன் தொழிலில் ஊறிய ஆள் கையில் ஒரு துணித் துண்டைக் கொடுத்துவிட்டு, அவர் அதைச் சும்மா வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் டீ-ஷர்ட் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, துணியின் கனத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதலாளி ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டு தோளில் சாய்ந்தவரின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சட்டையைத் தேய்த்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

என் துணியை வாங்கியதும் அவர் கை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. அகலவாக்கில் இழுத்தார், விட்டார். சுருங்கி வந்தது. தேவராஜ் அடித்த ஓரத்தை நகத்தால் நிரடினார். என்னைப் பார்த்து, "கவலப்படாதீங்க, நல்ல டாக்டரா பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே துணியை லைட் பாக்ஸுக்குள் போட்டு, கடைசி பட்டனை அமுக்கினார். வெள்ளைத் துணி எது கிடைத்தாலும் அவர் செய்வது அதுதான். அவருக்கே தெரியாமல் செய்தார்.

அந்தப் பட்டன் யூ.வி. என்கிற புற ஊதா விளக்குக்கானது. அதை அமுக்கினால் மற்ற விளக்குகள் அணைந்து பெட்டி இருட்டாகும். என் துணி மட்டும் அந்த இருட்டுக்குள் டியூப் லைட் போல நீலமாக எரிந்தது.

நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பஞ்சு பிறக்கும்போதே அவ்வளவு வெள்ளை கிடையாது. பழுப்புதான். அதை வெளுத்து, அதன் பிறகும் போதாமல், ஒயிட்னர் என்று ஒரு மருந்தை ஏற்றுவோம். வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரிதான். ஆனால் இந்த மருந்து அதைவிடக் கில்லாடி. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு அதை நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் புதுப் பனியன் கடை வாசலிலேயே பளிச்சென்று கண்ணை இழுக்கிறது. அதில் நீலம் கூடுதல்.

அந்த நீலத்தைக் காட்டித்தான் நான் கேமராவிடம், "இதுதான் வெள்ளை" என்று இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறேன். கேமரா சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. துணியில் இருந்த அதிகப்படி நீலத்தைத் தள்ளுபடி செய்ய, குளம், வானம், கொக்கு எல்லாவற்றிலிருந்தும் அந்த அளவுக்கு நீலத்தை எடுத்துவிட்டது. நீலத்தை எடுத்தால் மஞ்சள் ஏறும். இது எங்கள் லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம்.

அந்தப் பட்டனை நான் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அமுக்குகிறேன். வெள்ளை லாட்டுகளில் ஒயிட்னர் சமமாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க. என் கைக்குட்டையை மட்டும் ஒரு தடவைகூட அதற்குள் போட்டுப் பார்க்கவில்லை. நான் பாஸ் செய்த துணி ஆயிற்றே! கண்ணைச் சந்தேகப்பட்டேன், அம்மாவின் ரத்தத்தைச் சந்தேகப்பட்டேன், வயதைச் சந்தேகப்பட்டேன். அந்தத் துணியைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

சரி, கொக்கு மஞ்சளாக இருந்தது ஏன் எனக்குத் தெரியவில்லை? அதற்கும் பதில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. லேபில் எந்த நிறத்தையும் தனியாக வைத்துப் பார்க்க மாட்டோம். பக்கத்தில் பையரின் துண்டு இருக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் கண் ஐந்து நிமிடத்தில் சமாதானமாகிவிடும். எதைக் கொடுத்தாலும் சரி என்று சொல்லும். வீட்டில் நான் கொக்கைத் தனியாக, திரை முழுக்கப் பெரிதாக்கி, காபி குடித்துக்கொண்டே ரசித்திருக்கிறேன். யார் கண்ணுக்கும் அது வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். ரஹ்மத் பாய் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார், உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததே என் கண் நன்றாக இருப்பதற்குச் சாட்சி. பயத்தில் அதுகூடப் புத்திக்கு எட்டவில்லை.

"ஜெசிம்மா" என்றார் முதலாளி. குரல் பழையபடி ஏறியிருந்தது. "இந்த வெள்ளையப் பாஸ் பண்ணுனது யாருங்க?"

"நான்தானுங்க சார்."

"நல்ல வெள்ளைங்க. பையருக்கு ரொம்பப் புடிச்சுது. கொக்குக்குத்தான் புடிக்கல போலிருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, அது எங்கேயோ அழுகையாக மாறி, நிறுத்த முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. இவ்வளவு பெரிய முட்டாளாக இருந்ததற்கு மனிதர்கள் வெட்கப்படுவார்கள். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அழுகிற பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் முதலாளி வெளியே போய், "ரெண்டு டீ சொல்லுங்க, இல்ல மூணா சொல்லுங்க" என்று யாரிடமோ சொன்னார். மூன்றாவது டீ யாருக்கு என்று இன்றுவரை தெரியாது.

(சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போனேன். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் தேவராஜ்தான் கூட்டிப் போனார். கண்ணில் புரை எதுவும் இல்லை, படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போதும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அப்பம் நான் அடிச்ச ஓவர்லாக்குல ஒரு குத்தமும் இல்லல்லா?")

வெங்காயத் தோல்

டீ வந்தது. குடித்தோம். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தேன். முதலாளி இன்னும் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

"இப்பப் பாத்துரலாங்களா? கட்டிங்ல ஆளுக காத்துட்டிருக்காங்க."

வெங்காயத் தோல் லாட்டை எடுத்தேன். பையரின் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். முதலில் பகல் வெளிச்ச விளக்கு. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. கோடு எங்கே என்று தெரியவில்லை.

"அப்பாடா" என்றார் முதலாளி. கிளம்புவதற்கு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அடுத்த பட்டனை அமுக்கினேன். அது கடை விளக்கு. வெளிநாட்டில் துணிக்கடைகளுக்குள் எரிகிற வெளிச்சம் இப்படித்தான் இருக்கும். பையரின் துண்டு அசையாமல் அதே வெங்காயத் தோலாக இருந்தது. எங்கள் துணி லேசாகச் சிவந்தது. ரொம்ப இல்லை. தூரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தி முகத்தில் வருமே, அவ்வளவுதான்.

விளக்கை மாற்றினேன். மறுபடி போட்டேன். மறுபடி சிவந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதைப் பார்த்திருந்தால் என் கண்ணைத்தான் திட்டியிருப்பேன். இப்போது அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க வயிற்றுக்குள் குளிர்ந்தது.

"ரிஜெக்ட்டுங்க சார்."

"என்னங்க?"

"கடை வெளிச்சத்துல செவப்பு ஏறுதுங்க. திருப்பிச் சாயத்துக்குப் போகணும்."

அவர் குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கண்ணாடியோடு ஒரு முறை, கண்ணாடி இல்லாமல் ஒரு முறை. "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க தெரியுது."

"மிஷின்ல போட்டுப் பாத்துரலாங்க" என்றேன்.

போட்டோம். பகல் வெளிச்சத்துக்கு மிஷின் சரி என்றது. கடை விளக்குக்கு மாற்றிக் கேட்டேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, சிவப்பு அளவுக்கு மேல் என்று காட்டியது. நான் சொன்னதையே எண்ணில் சொன்னது.

முதலாளி நிமிர்ந்தார். ஜன்னல் வழியாகக் கட்டிங் பக்கம் பார்த்தார். அங்கே மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு ஆட்கள் இந்தத் துணிக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெருமூச்சு விட்டார். பிறகு பேசியது எனக்குக் காதில் விழவே இல்லை. முன்னால் குனிந்தேன்.

"என்னங்க சார்?"

"இல்லீங்க ஜெசிம்மா" என்றார், இன்னும் மெல்ல. "கண்ணு போயிருச்சுன்னு சொன்னீங்களே, அது சாயங்காலம் வரைக்குமாச்சும் அப்படியே இருந்திருக்கக் கூடாதுங்களா?"

சீட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.